மல்லாவியிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் தேடினோம்

தட்டச்சுக்காரியின் தொழில், பிறருடைய ஆசைகளை இடப்பக்கம் ஓரம் விட்டு, வரிக்கு வரி இடைவெளி விட்டு, பிழையில்லாமல் அடித்துக் கொடுப்பது. அந்த ஆசை பலித்ததா என்று கேட்பது தொழிலில் சேராது.

விண்ணப்பப் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு, 'காரணத்தைக் குறிப்பிடுக' என்ற இடத்தில் பேனையைக் கடித்தபடி அரைநாள் இருந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நான் எழுதுவது உங்களுக்குத்தான். கிளிநொச்சியில் ஆறு மெசின்களோடு ஒரு தட்டச்சு வகுப்பு வைத்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஊரோடு இடம்பெயர்ந்தபோது சைக்கிள் கரியரில் ஒரு மெசின்தான் ஏறியது. அது ஆங்கில மெசின். மல்லாவிச் சந்தைக்குப் பக்கத்தில் சைக்கிள் திருத்தும் மாணிக்கம் என்பவர் தன் கொட்டிலில் பாதியை எனக்கு விட்டுத் தந்தார். ஒரு மேசை, ஒரு கதிரை, வருகிறவர்கள் இருக்க ஒரு வாங்கு. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. புளியங்குளத்தால் போகும் நேர்வீதி பூட்டிக் கிடந்தது; தபால் மன்னார்ப் பக்கமாகச் சுற்றிப் போய்ச் சுற்றி வந்தது. வெளியுலகத்தோடு கதைக்க வேண்டியவர்கள் அந்த வாங்கில் வந்து இருந்தார்கள். ஓய்வூதியக் கடிதம், காணாமற்போன பிள்ளையைத் தேடும் கடிதம், பயண அனுமதிப் பாஸ் கேட்கும் கடிதம் என்று எத்தனையோ அடித்தேன். இந்த வயதில் அதெல்லாம் ஒன்றோடொன்று கலந்து போயிற்று. ரெஜினாவின் கடிதங்கள் மட்டும் கலக்காமல் இருக்கின்றன.

சுவருக்கு நடுவில்

ரெஜினா முள்ளிவாய்க்கால் கரையில் மீன்பிடிக்கும் குடும்பத்துப் பெட்டை. இருபத்திரண்டு வயது. தெற்கிலே ஒரு பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை இரண்டு வருஷம் படித்துவிட்டு லீவுக்கு வீட்டுக்கு வந்தாள். வந்த கிழமையே சண்டை தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது. திரும்பிப் போவதென்றால் இராணுவம், இயக்கம் என்று இரண்டு பக்கத்துப் பாசும் வேண்டும். அதற்கிடையில், கொழும்பில் அவளோடு ஒரே அறையில் இருந்த பிள்ளையை விசாரணைக்குக் கொண்டுபோய்ப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள் என்ற செய்தி வந்தது. அதோடு தாய், அந்தப் பக்கம் போகிற கதையையே வீட்டில் எடுக்க விடவில்லை. மல்லாவியில் சித்தி வீட்டில் இருந்துகொண்டு, இடம்பெயர்ந்த பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் தொண்டராசிரியையாகப் படிப்பித்துக்கொண்டிருந்தாள்.

வேறு நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டும், கடிதங்கள் அடித்துத் தருவீர்களா என்று கேட்டாள். அதற்கு ஒரு கெடுவும் இருந்தது. படிப்பு நின்று மூன்று வருஷத்துக்குள் மாறினால்தான் படித்த இரண்டு வருஷத்தையும் ஏற்றுக்கொள்வார்கள். பிந்தினால் பள்ளிக்கூடத்தால் அன்றைக்கு வெளிவந்த பிள்ளையைப்போல ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அந்த மூன்றில் பத்து மாதம் ஏற்கெனவே போய்விட்டது.

கட்டடம் கட்ட மேசன்மார் இருக்கிறார்கள், அதற்கு எதற்கு ஐந்து வருஷப் படிப்பு என்று நான் வெகுளியாகக் கேட்டேன். அவள் கோபிக்கவில்லை. கொட்டிலின் நான்கு பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மேசன் சுவரைக் கட்டுவார் அக்கா. சுவருக்கு நடுவில இருக்கிற வெறும் இடத்தைத்தான் நாங்கள் படிக்கிறனாங்கள்."

ஏ முதல் எம் வரை

உலகத்துப் பல்கலைக்கழகங்களின் விலாசங்கள் எல்லாம் அடங்கிய ஒரு பெரிய புத்தகம், இடம்பெயர்ந்து வந்த ஒரு வாசிகசாலையின் பெட்டிக்குள் இருந்தது. இரண்டு பாகம். முதல் பாகம்தான் வந்து சேர்ந்திருந்தது. இரண்டாவது வரும் வழியில் ஏதோ ஒரு உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து விழுந்திருக்க வேண்டும். ஆகவே ஆங்கில எழுத்தில் ஏ முதல் எம் வரை பெயருள்ள பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே ரெஜினா விண்ணப்பிக்கலாம். 'என்' எழுத்தில் தொடங்கும் பல்கலைக்கழகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எங்களுக்கு அது இல்லாத ஒன்றுதான்.

மற்ற ஊர்ப் பிள்ளைகள் புகழைப் பார்த்துத் தெரிவு செய்வார்கள், பேராசிரியர்களைப் பார்த்துத் தெரிவு செய்வார்கள். நாங்கள் தெரிவு செய்த முறையைச் சொன்னால் சிரிப்பீர்கள். தொலைபேசியில் நேர்முகம் என்று போட்டிருந்தவற்றை வெட்டினோம். தொலைநகல் கேட்டவற்றை வெட்டினோம். எங்கள் கடிதம் போய்ச் சேர ஆறு கிழமை, மறுமொழி வர ஆறு கிழமை. ஆகவே கடைசித் திகதிக்கு மூன்று மாதத்துக்குக் குறைவாக இருந்தவற்றை எல்லாம் வெட்டினோம். பத்தொன்பது இருந்த பட்டியல் ஐந்தாயிற்று. இந்தியாவில் ஒன்று, ஸ்கொட்லாந்தில் ஒன்று, மற்றவை அங்குமிங்கும். வெட்டின பெயர்களில் உலகப்புகழ் பெற்றவை நாலைந்து இருந்தன. எனக்கு மனம் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய இடங்களை நாங்களாகவே வேண்டாமென்கிறோமே என்றேன்.

ரெஜினா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். "இருக்கட்டும் அக்கா. அவையளும் ஆரையாவது இழக்கத்தானே வேணும்."

மாணிக்கம் கேட்ட கேள்வி

என்னுடைய மெசின் அந்தக் காலத்தில் பாதி சைக்கிளாகிவிட்டது. உருளையை இழுக்கும் நாடா அறுந்தபோது மாணிக்கம் பிரேக் கம்பியைப் பிரித்து ஒரு இழையைப் போட்டுத் தந்தார். ரிபன் காய்ந்தால், முத்திரை மையில் ஒரு துளி எண்ணெய் விட்டு அவரே பழைய பல்துலக்கியால் தடவுவார். அவர் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்தில் அடிபட்டு ஓடி, வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர். எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் நான் அடிக்கிற சத்தத்தைக் கேட்டே இன்றைக்கு அவசரக் கடிதமா, அழுகைக் கடிதமா என்று சொல்லிவிடுவார். அழுகைக் கடிதத்தில் வரிக்கு நடுவில் சத்தம் நின்று நின்று வரும் என்பார்.

ஐந்து கடிதங்களும் போன அன்று, அந்தப் பொண்ணு என்ன படிக்கப் போகிறது என்று விசாரித்தார். வீடுகள் எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்து வரைகிற படிப்பு என்று என்னால் முடிந்தவரை விளங்கப்படுத்தினேன். டியூப் ஒன்றைத் தண்ணீரில் அமிழ்த்தி ஓட்டை தேடிக்கொண்டிருந்தவர், குமிழி வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"தோட்டத்து லயத்துல பத்தடிக்குப் பன்னெண்டடி காம்பராவுல ஏழு பேர் இருந்தோம் டீச்சரம்மா. அதுக்குக் கோடு போட்டவன் எந்த யூனிவர்சிட்டியில படிச்சான்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

தகப்பனின் தெரிவு

தகப்பன் அந்தோனிப்பிள்ளை ஒருநாள் சைக்கிளில் வந்து இறங்கினார். முள்ளிவாய்க்காலிலிருந்து மல்லாவி ஒரு பகல் ஓட்டம். கரியரில் ஓலைப்பையில் கருவாடு. அந்தக் காலத்தில் முள்ளிவாய்க்கால் என்ற பெயருக்குக் கருவாட்டு வாசம் ஒன்றுதான் இருந்தது.

மகளுக்குத் தெரியாமல் வந்திருக்கிறார் என்பது இருந்த இருப்பில் விளங்கியது. ஐந்து இடங்களையும் வாசித்துக் காட்டச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான்: கடல் எவ்வளவு தூரம்? புத்தகத்தில் பார்த்துச் சொன்னேன். கடலில்லாத இரண்டு இடங்களைக் கையை அசைத்துத் தள்ளிவிட்டார். ஸ்கொட்லாந்து கரையோரம் என்றதும் என்ன மீன் படும் என்று கேட்டார், எனக்குத் தெரியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, தாய்க்காரி இந்தியா என்றால் மட்டும் சம்மதிப்பாள், ஆனால் பிள்ளைக்கு எது சரியோ அதை எழுதுங்கோ என்றார். உங்களுக்கு எது விருப்பம் என்று நான் கேட்டேன். ஒருவரும் அவரிடம் அதைக் கேட்டிருக்கவில்லைப் போலும்.

"இந்தியா எண்டால் நானே போட்டில கொண்டுபோய் விட்டிட்டு வருவன் ரீச்சர். மற்ற இடங்களுக்கு வேற ஆரோ அல்லோ கொண்டுபோகப் போகினம்."

முத்திரை

நாங்கள் விட்ட பெரிய பிழை இது. படித்த இரண்டு வருஷத்துக்கும் பெறுபேற்றுச் சான்றிதழ் வேண்டும்; அதைத் தெற்குப் பல்கலைக்கழகம் முத்திரை உடையாத உறையில் தர வேண்டும். நேரே அந்த ஐந்து இடங்களுக்கும் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கலாம். ரெஜினா தன் கண்ணால் ஒருமுறை பார்க்க ஆசைப்பட்டாள். மல்லாவிக்கு வரட்டும், எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து நாமே அனுப்புவோம் என்று நானும் தலையாட்டினேன். ஐந்து உறைகளும் வந்தன. ஐந்தும் சோதனைச் சாவடியில் திறக்கப்பட்டு, பார்க்கப்பட்டு, மிக ஒழுங்காக ஸ்டேப்ளர் கம்பி அடித்து மூடப்பட்டிருந்தன. மூலையில் ஒரு கையெழுத்துக்கூட இருந்தது. உப தபாலதிபரிடம் கொண்டுபோய்க் காட்டி, இனி என்ன செய்வது என்று கேட்டோம். அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இங்கே முத்திரை உடையாமல் ஒரு கடிதம் வந்தால்தான் தனக்குப் பயம் என்றார்.

முத்திரை உடைந்த காரணத்தை ஒரு பந்தியில் விளக்கி அனுப்பினோம். இந்தியாவிலிருந்து நாலு மாதம் கழித்து ஒருவரி மறுமொழி வந்தது: ஏற்க இயலாது. அந்த நாலு மாதமும் மூன்று வருஷக் கெடுவிலிருந்துதான் கழிந்தது. ரெஜினா அன்று வாங்கில் இருந்தபடி விரலால் விரலை எண்ணிக்கொண்டிருந்தாள்.

தெற்குப் பல்கலைக்கழகத்துக்கே திரும்ப எழுதினோம். அங்கே மாணவர் பதிவுகளைப் பார்க்கும் ஒரு சிங்களப் பெண்மணி இருந்தாவாம். தலை நரைத்தவா, கண்டிப்பானவா, பிள்ளைகள் எல்லோரும் பயப்படுகிறவா. அவா ஐந்து பிரதிகளைத் தானே நேரடியாக அனுப்பிவிட்டு, ஒரு சிறிய துண்டில் ஆங்கிலத்தில் எங்களுக்கு இரண்டு வரி எழுதியிருந்தா. அதுவும் கம்பி அடித்துத்தான் வந்தது. "எல்லாம் செவ்வாய்க்கிழமை போய்விட்டன. மகளே, நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?"

பதினொரு பக்கத்துக் கட்டடம்

கட்டடக்கலைப் படிப்பில் இடையில் மாறிச் சேருகிறவர்கள் தாங்கள் செய்த ஒரு வேலையின் வரைபடங்களைக் காட்ட வேண்டும். ரெஜினாவிடம் நல்ல வேலை ஒன்று இருந்தது. அவள் படிப்பித்த பள்ளிக்கூடத்தை அவளே திட்டம் போட்டுக் கட்டுவித்திருந்தாள். சீமெந்து வன்னிக்குள் வர அனுமதி இல்லாத காலம். களிமண், பனைமரம், தென்னோலைக் கிடுகு. தகப்பனின் தூண்டில் நைலோனில் அடிக்கொரு முடிச்சுப் போட்டுத்தான் நிலத்தை அளந்தாள். ஆறு தாள்களில் வரைந்து சுருட்டி, கொழும்புக்குப் போன தேவாலயத்துப் பங்குச் சுவாமியாரிடம், அங்கே பிரதியெடுத்துத் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். சோதனைச் சாவடியில் சுருளை விரித்தவர்கள், இது எந்த முகாம் என்று கேட்டார்களாம். பள்ளிக்கூடம் என்று சொன்னால் ஆர் நம்புவார்? சுவாமியாரை அரைநாள் வெயிலில் இருத்திவிட்டு, படங்களை வைத்துக்கொண்டு ஆளை விட்டார்கள்.

இனிப் படம் போகாது. ஆனால் எழுத்துப் போகும். அப்படியென்றால் கட்டடத்தை எழுதிவிடுவோம் என்றாள் ரெஜினா. ஒரு கோடு இல்லாமல், ஒரு படம் இல்லாமல், பதினொரு பக்கம். அவள் கண்ணை மூடிக்கொண்டு தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்தேன். 'சுவர் எட்டு வயதுப் பிள்ளையின் தோள் உயரம். அதற்கு மேலே காற்று.' 'கூரையின் விளிம்பு தாழ்ந்தது. பெரியவர்கள் குனிந்து வருவார்கள், பிள்ளைகள் நிமிர்ந்து வருவார்கள்.' 'காலை எட்டு மணிக்கு வெயில் மூன்றாம் வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கும். ஒன்பதரைக்கு எழும்பி வெளியே போய்விடும்.' என் வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் பக்கம் அடித்திருக்கிறேன். கையெழுத்துக் கடிதம் பார்த்து அடிக்கும்போது விரல்தான் வேலை செய்யும். அந்த மூன்று நாளும் என் காது வேலை செய்தது. ஒரு அளவை அவள் மாற்றினால், எங்கோ ஒரு கதவு நகர்வது எனக்குக் கேட்டது.

அந்தப் பள்ளிக்கூடம் அடுத்த வருஷமே பிள்ளைகளோடு வேறிடத்துக்குப் பெயர்ந்தது. கிடுகும் களிமண்ணும் எவ்வளவு நாளைக்கு நிற்கும்? அந்தப் பதினொரு பக்கத்தின் காபன் பிரதி கனகாலம் என்னிடம் இருந்தது. பிறகு வந்த ஓட்டங்களில் அதுவும் போயிற்று. சுவாமியாரிடம் பதினொரு பக்கத்தையும் கொடுத்து, உங்களைத் திரும்பவும் கரைச்சல்படுத்துகிறோம் என்று மன்னிப்புக் கேட்டபோது அவர் நின்றநிலையில் இரண்டு பக்கத்தை வாசித்தார். பிறகு மடித்து அங்கிக்குள் வைத்தார்.

"நானும் முப்பது வரியமாய் மோட்சத்தைச் சொல்லாலதான் காட்டிக்கொண்டு வாறன் பிள்ளை. ஒருத்தரும் பிளான் கேக்கேல்லை."

புகைபோக்கி

இரண்டு இடங்கள் மறுமொழியே போடவில்லை. ஒன்று வருத்தம் தெரிவித்தது. இந்தியா, புதுச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, முதலாம் வருஷத்தில் வேண்டுமானால் சேரலாம் என்றது. ஸ்கொட்லாந்திலிருந்து கடிதம் வரவில்லை, ஒரு பொதி வந்தது. சாவடியில் அதையும் பிரித்திருந்தார்கள்; வெளிநாட்டிலிருந்து வந்த படம் என்றபடியால் போலும், விட்டிருந்தார்கள். உள்ளே பன்னிரண்டு வரைபடங்கள். அங்கிருந்த ஒரு பேராசிரியை எங்கள் பதினொரு பக்கத்தைத் தன் வகுப்புக்குக் கொடுத்து, இதை வாசித்து வரையுங்கள் என்று சொல்லியிருந்தா. கூடவே ஒரு கடிதம்: இரண்டு வருஷத்தையும் ஏற்றுக்கொள்கிறோம், நேரே மூன்றாம் வருஷத்துக்கு வா, படிப்புச் செலவை நாங்கள் பார்க்கிறோம், உனக்கு ஆயத்தமில்லை என்றால் ஒரு வருஷம் பிந்தியும் வரலாம்.

நான் அழுதுவிட்டேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். கெடு முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது, அவள் தப்பிவிட்டாள். மாணிக்கம் கை துடைத்துக்கொண்டு வந்து படங்களைப் பார்த்தார். தபாற்கந்தோர்க்காரரும் வந்து பார்த்தார். ரெஜினா மட்டும் ஒவ்வொரு தாளாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனாள். பன்னிரண்டில் ஒன்பது படங்களில் தோள் உயரச் சுவருக்கு மேலே கண்ணாடி போட்டு அடைத்திருந்தார்கள். நாலில் கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு புகைபோக்கி நின்றது. பிள்ளைகள் குளிரில் விறைத்துவிடுவார்கள் என்று இரங்கியிருக்கிறார்கள்.

கடைசித் தாளை மேசையில் வைத்துவிட்டுத்தான் சிரித்தாள். "நல்ல பிள்ளையள் அக்கா. ரெண்டு வரியம் இஞ்ச வந்து படிச்சினமெண்டால் சரியாகிடும்."

ஒரே பாதை

ஸ்கொட்லாந்துக்குப் போக விசா வேண்டும். விசாவுக்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குக் கொழும்புக்குப் போக வேண்டும். கொழும்புக்குப் போக இரண்டு பக்கத்துப் பாஸ் வேண்டும். அதாவது, எந்தப் பாதையால் போக முடியாதென்று இரண்டு வருஷமாக உலகம் முழுக்கக் கடிதம் எழுதினோமோ, அந்தப் பாதையால்தான் வெளிநாட்டுக்கும் போக வேண்டும். படித்த இரண்டு பெண்கள் இவ்வளவு நாளும் இதை யோசிக்கவில்லை என்பதை எப்படிச் சொல்ல? விசாவுக்கு என்றபடியால் தாய் மறிக்கவில்லை. பாஸ் கிடைக்க நாலரை மாதம் ஆயிற்று. சுவாமியார் கூட்டிக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்து ரெஜினாவின் கடிதம் வந்தது. தங்கியிருந்த விடுதியில் இரண்டு தரம் அடையாள அட்டை பார்த்தார்களாம், பயமாகத்தான் இருக்கிறதாம். விசாவுக்கு நின்ற இடைவெளியில், சான்றிதழ் அனுப்பிய அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லப் பழைய பல்கலைக்கழகத்துக்குப் போனாளாம். அவா பெரிய பதிவுப் புத்தகத்தை எடுத்து விரித்தாவாம். ஒவ்வொரு தவணையும் ரெஜினாவின் பெயருக்கு நேரே வெட்டுக்கோடு போட வேண்டிய இடத்தில், தன் கையால் 'விடுமுறை' என்று எழுதி வைத்திருந்தாவாம். ஏன் என்று இவள் கேட்டிருக்கிறாள். அவா சிங்களத்தில் சொன்னதை ரெஜினா அப்படியே தமிழில் எழுதியிருந்தாள்.

"நீ லீவில் போன பிள்ளைதானே. உனக்கு லீவு முடியவில்லை, அவ்வளவுதான். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வகுப்பு."

நான் வைத்திருந்த கடிதம்

திங்கட்கிழமை அவள் வகுப்புக்குப் போய்விட்டாள். அடுத்ததாகச் சுவாமியாரின் கையில் எனக்கு ஒரு சிறு உறை வந்தது. ஸ்கொட்லாந்துப் பேராசிரியைக்கு, உங்கள் அன்புக்கு நன்றி, நான் வரவில்லை என்று சொல்லும் கடிதம். தமிழில் எழுதியிருந்தாள். அந்த மெசினின் எழுத்துத்தான் அவையளுக்குப் பழக்கம், ஆகவே நீங்களே அடித்து அனுப்பிவிடுங்கோ என்று ஒரு குறிப்பும் இருந்தது. அடித்தேன். நல்ல கடிதம். கையெழுத்துக்கு ஒரு வெற்றுத்தாளில் தன் பெயரை ஏற்கெனவே எழுதி அனுப்பியிருந்தாள், அதன் மேலேதான் அடித்தேன்.

ஆனால் தபாலில் போடவில்லை. முதலில் தபால் முத்திரை இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு மழை. பிறகு சுவாமியார் அடுத்த மாதம் போவார்தானே. உண்மையை எழுதுகிறேன்: கொழும்பில் ஒரு குண்டு வெடித்தால் அடுத்தநாள் எந்தெந்தப் பிள்ளைகளைப் பிடிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். புகைபோக்கி உள்ள நாட்டில் அவள் உயிரோடு இருக்கலாம். அந்தக் கதவு திறந்தே இருக்கட்டும் என்று கடிதத்தை மேசை லாச்சிக்குள் பழைய ரிபன்களுக்குக் கீழே வைத்தேன். முப்பது வருஷத் தொழிலில் ஒருவருடைய கடிதத்தை நான் நிறுத்தி வைத்தது அது ஒன்றுதான். நாலு மாதம் அது அங்கே கிடந்தது. மெசினில் இருக்கும்போதெல்லாம் முழங்காலுக்கு மேலே அது இருக்கிறது என்று தெரியும்.

தவணை முடிந்து அவள் பாசோடு வந்தாள். முகம் சதை பிடித்திருந்தது, விரல்களில் மைக்கறை. வாங்கில் இருந்து, ஸ்கொட்லாந்திலிருந்து ஏதாவது வந்ததா என்று சாதாரணமாகக் கேட்டாள். நான் லாச்சியைத் திறந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவள் அதை முழுக்க வாசித்தாள், இன்னொருமுறை வாசித்தாள். கோபத்தை எதிர்பார்த்துக்கொண்டு இருந்தேன். அவளோ தன் பைக்குள்ளிருந்து முத்திரையை எடுத்து, நாக்கில் நனைத்து உறையில் ஒட்டினாள். பயத்தில் வைத்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்றேன்.

"நானும் பயத்திலதான் அக்கா இஞ்ச அனுப்பினனான். கொழும்பில பெட்டியில போட்டிருந்தால் ஒரு கிழமையில போயிருக்கும், பிறகு மனம் மாறினால் என்ன செய்யிறது? மல்லாவியால போனால் யோசிக்க நாள் கிடைக்கும் எண்டு தெரியும். யோசிச்சிட்டன். இப்ப போட்டுவாறன், கந்தோர் பூட்டமுன்னம்."

அவள் அந்தப் படிப்பைத் தெற்கில் தன் பழைய பல்கலைக்கழகத்திலேயே முடித்தாள் என்பதையும், இன்றைய பிள்ளைகள் ஒரு பொத்தானை அழுத்தி ஒரு நிமிஷத்தில் பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்கிறார்கள், பாவம், மனம் மாறிப் பார்க்க அவர்களுக்கு ஒரு மந்தத் தபால் இல்லை என்பதையும் தவிர, என் தொழிலைப் பற்றி இனிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.